முனியிடம் கொடுத்த இன்சூரன்ஸ் தாள்

காரை விற்ற மூன்றாவது வாரம் என் பேருக்கு ஒரு சம்மன் வந்தது. கோலகங்சார் ரோட்டில் வேகமாக ஓட்டிப் போனேனாம். அவர்கள் குறித்திருந்த அந்தக் காலை நேரத்தில் நான் குனோங் ராபாட்டில் என் வீட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். வலது கண்ணில் புரை விழுந்து, எதிரே வருவது லாரியா மாடா என்று தெரியாமல் போனதால்தான் காரையே விற்றேன்.

இது எண்பத்திரண்டாம் வருஷம். கார் ஒரு பழைய டட்சன். ஈப்போ முனிசிபலில் பதினேழு வருஷம் சாக்கடை வேலை பார்த்துவிட்டு வாங்கியது. அதை என்னிடமிருந்து வாங்கினவன் ஜெயபாலன். சுங்கை சிப்புட்டில் இருக்கிறான், மீன் வியாபாரம். அவன் அப்பாவும் நானும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினவர்கள். அந்தப் பழக்கத்தில் என்னை மாமா என்பான். சாவியைக் கொடுத்தேன். காருக்குச் சொந்தக்காரன் யார் என்று எழுதியிருக்கும் கிராண்டுப் புத்தகத்தையும் கொடுத்தேன். அதோடு தலை முழுகியாயிற்று என்று இருந்தேன்.

சம்மனைத் தூக்கிக்கொண்டு பெத்தபெருமாள் செட்டியாரிடம் போனேன். ஈப்போ டவுனில் ஒரு காப்பிக்கடைக்கு மேல் மாடியில் இன்சூரன்ஸ் ஏஜெண்டு ஆபீஸ் வைத்திருப்பவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவரையும் நான் முழுசாக நம்புவதில்லை. வருஷா வருஷம் அவரிடம் போனேன் என்றால், மற்ற ஏஜெண்டுகளை அதைவிடக் குறைவாக நம்பினேன் என்று அர்த்தம்.

அவர் சம்மனைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"காரு இன்னும் உங்க பேர்லதான் இருக்கு அண்ணே. இன்சூரன்ஸும் உங்க பேர்லதான். வித்தது உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். கவர்மெண்டுக்கு யாரு சொன்னா?"

பேர் மாற்றும் பாரத்தில் கையெழுத்துப் போட்டேனா என்று கேட்டார். போடவில்லை. ஜெயபாலன் அந்தப் பாரத்தோடு மூன்று தடவை வீட்டுக்கு வந்தான். மூன்று தடவையும் திருப்பி அனுப்பினேன். பாரம் மலாயில் இருந்தது. எனக்கு மலாய் பேசத்தான் வரும். தமிழ் எழுத்தே மூன்றாம் வகுப்போடு சரி. தெரியாத தாளில் கையெழுத்துப் போடுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணி ஒரு தாளை நீட்டினான். சம்பள விஷயம், போடு என்றான். போட்டேன். நாங்கள் குடியிருந்த லயத்தைக் காலி பண்ணச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்ததைச் சாமான் சட்டியைத் தூக்கி வெளியே வைத்த அன்றைக்குத்தான் சொன்னார்கள்.

செட்டியாரிடம் இதைச் சொல்லவில்லை. போடலை என்று மட்டும் சொன்னேன். இந்தச் சம்மனோடு போய்விடுமா என்று கேட்டேன். சம்மன் பெரிய விஷயமில்லை என்றார். நாளைக்கே ஜெயபாலன் யாரையாவது அடித்துப் போட்டால் வக்கீல் கடிதம் என் வீட்டுக்குத்தான் வரும், தை மாதம் வரைக்கும் இந்தப் பாலிசி ஓடும் என்றார்.

எனக்குப் பயம் வந்தது. அதற்குக் காரணம் உண்டு. அறுபத்து நாலில் என் தம்பி சின்னையா சுங்காய் டவுனில் சைக்கிளில் போகும்போது ஒரு பலகை லாரி அடித்துத் தள்ளியது. அந்த லாரிக்கு இன்சூரன்ஸ் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. லாரி முதலாளி ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அப்புறம் அவர் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. தம்பிக்கு ஒரு கால் போனது, வேலை போனது. இன்சூரன்ஸ் என்ற வார்த்தையே அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

"இப்பவே கேன்சல் பண்ணிடுங்க" என்றேன்.

வாயால் சொன்னால் ஆகாது என்றார் செட்டியார். எந்தத் தேதியிலிருந்து வேண்டாம் என்று ஒரு கடிதம் வேண்டும். அதோடு கம்பெனி கொடுத்த ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் கம்பெனி கைக்குப் போனால்தான் கணக்குத் தீரும். என் சட்டைப் பையில் போட்டோஸ்டாட் ஒன்று இருந்தது. நீட்டினேன். தள்ளிவிட்டார்.

"ஒரிஜினல் எங்க?"

"முனியாண்டிகிட்ட இருக்கு."

"எந்த முனியாண்டி? லகாட் ரோட்டுல வொர்க்‌ஷாப் வச்சிருக்காரே, அவரா?"

அவர் இல்லை, பழைய தோட்டத்துக் கோயில் முனி என்றேன்.

புதுக் கார் எடுத்தால் எங்கள் ஆட்கள் முனி கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்துவிட்டு வருவார்கள். எல்லோரும் செய்வதுதான். நான் அதற்கும் ஒரு படி மேலே போனேன். இன்சூரன்ஸ் எடுத்த ஒவ்வொரு வருஷமும் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொண்டுபோய் முனி காலடியில் இருக்கும் பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு வந்தேன். காரில் போட்டோஸ்டாட்தான் இருக்கும். வீட்டில் வைத்தால் கரையான், திருடன். ஆபீசில் கொடுத்தால் ஆபீஸ்காரன். முனி கையில் இருப்பதை எவனும் தொடமாட்டான். காருக்கு அவர் காவல் என்றால், காவலுக்குரிய தாளும் அவரிடம்தானே இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

செட்டியார் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை.

"கம்பெனிக்கு முனியாண்டியத் தெரியாது அண்ணே. ஒண்ணு பண்ணலாம். தாள் தொலஞ்சி போச்சுன்னு சத்தியத் தாள் எழுதலாம். கீழ ரெண்டு கடை தள்ளி அத எழுதிக் குடுக்குற ஆள் இருக்காரு. பத்து நிமிசம். எல்லாரும் அப்படித்தான்லா செய்றாங்க."

"தொலையல. எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா என்ன? அவரு வந்து சாட்சி சொல்லப் போறாரா?"

நான் பொய் சொல்லாதவன் இல்லை. காய்ச்சல் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். என்னை வேலை வாங்கின முனிசிபல் மண்டோரிடம் வாரத்துக்கு ஒரு பொய். ஆனால் முனி காலடியில் இருக்கிற தாளைத் தொலைந்துவிட்டது என்று சத்தியம் செய்து கையெழுத்தும் போடுவதா? அதுவும் ஒரு அன்னியன் எழுதின தாளில்? எழுந்து வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தாளை எடுத்துவர, பழைய தோட்டம் இருக்கும் சுங்கை சிப்புட்டுக்கு பஸ் ஏறினேன். வழி நெடுகிலும் தலையை வெளியே நீட்டி, என் டட்சன் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். எங்காவது கூட்டம் நின்றால் விபத்தோ என்று எழுந்து பார்த்தேன். ஒரு இடத்தில் கூட்டம் டுரியான் பழத்துக்கு நின்றது.

பழைய தோட்டத்தில் பாதிக்கு மேல் ரப்பர் மரத்தைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டார்கள். முனி மட்டும் அரச மரத்தடியில் அரிவாளோடு நின்றார். பூசாரி சன்னாசி மற்ற நாளில் செம்பனை லாரி ஓட்டுகிறவன், வெள்ளிக்கிழமை மட்டும் பூசை. விஷயத்தைச் சொன்னேன். சாமிக்குக் கொடுத்ததைக் கேட்காமல் எடுக்க முடியாது, பூப்போட்டுப் பார்க்க வேண்டும் என்றான். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. இரண்டையும் இலையில் மடித்துக் காலடியில் போட்டான். நான் ஒன்றை எடுத்தேன். வெள்ளை வந்தால் எடுக்கலாம். சிவப்பு வந்தது.

சன்னாசியை நம்பாமல் இன்னொரு மடிப்பையும் பிரித்துப் பார்த்தேன். வெள்ளைதான் இருந்தது.

"சாமிகிட்டயே செக்கிங்கா அண்ணே?" என்றான். "அவரு விடல. அடுத்த வெள்ளிக்கெழம வாங்க."

டின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதற்குப் பூட்டு கிடையாது. யாரும் தொடமாட்டார்கள் என்பதுதான் பூட்டு. அந்தப் பூட்டை நம்பித்தான் நானும் தாளை வைத்தேன். அதை நானே உடைத்தால் அப்புறம் உலகத்தில் நம்புவதற்கு எனக்கு ஒன்றும் மிஞ்சாது. டின்னைத் தொடாமல் திரும்பினேன்.

தோட்டத்துச் செம்மண் பாதையில் நடந்து வரும்போது பின்னால் ஹாரன் கேட்டது. ஒதுங்குவதற்குள் என் டட்சன் உரசிக்கொண்டு போய்ப் புழுதியில் நின்றது. பின்சீட்டைக் காணோம். அந்த இடத்தில் மீன் பெட்டிகள், ஐஸ் தண்ணீர் கதவிடுக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் சோப்புப் போட்டுக் கழுவிய கார்.

"மாமா, ஏறுங்க. ரோட்டுல விட்டுடுறேன்" என்றான் ஜெயபாலன்.

ஏன் இவ்வளவு வேகம் என்று கேட்டேன். ஐஸ் உருகுவதற்குள் நாலு தோட்டம் சுற்ற வேண்டுமாம். சம்மன் வந்த கதையைச் சொல்லி அவனைத் திட்டினேன். ஸ்கூல் பிள்ளைகள் சைக்கிளில் வருகிற பாதையடா இது என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.

"சம்மனக் குடுங்க, நான் கட்டிக்கிறேன். ஆனா மாமா, நான் எத்தன வாட்டி பாரத்தோட வந்தேன்? ரெண்டாவது வாட்டி நாய அவுத்து விட்டீங்க. நீங்க கையெழுத்துப் போடாம எனக்கு எவன் இன்சூரன்ஸ் குடுப்பான்?"

நாயை நான் அவிழ்த்துவிடவில்லை. அது கட்டாமல்தான் இருந்தது. அதை மட்டும் சொன்னேன். சம்மனைக் கொடுத்துவிட்டு, காரில் ஏறாமல் நடந்தேன்.

அந்த ஒரு வாரம் எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தபால்காரன் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். பேப்பரில் விபத்துப் படம் வந்தால் காரின் மூக்கைப் பார்ப்பேன். சோறு இறங்கவில்லை. என் பெண்சாதி இருளாயி ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னாள்.

"காரு இருந்தப்பகூட இம்புட்டு ஓட்டல நீங்க. வித்துட்டுத்தான் ராப்பகலா ஓட்டுறீங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை வெள்ளை வந்தது. சன்னாசி டின்னைத் திறந்தான். ஐந்து வருஷத்துத் தாள்கள் அடுக்கடுக்காக இருந்தன. மேல் தாள்தான் இந்த வருஷத்துது. ஓரத்தில் சந்தனம், நடுவில் ஒரு எண்ணெய்ப் பொட்டு. நம்பர் தெரிந்தது. "எடுத்துட்டீங்க. இனிமே அந்தக் காருக்கு இவரு பொறுப்பில்ல" என்றான் சன்னாசி. சும்மா சொன்னானோ, பூசாரியாகச் சொன்னானோ, எனக்குச் சுருக்கென்று இருந்தது.

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். எட்டரைக்கே செட்டியாரின் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். கடிதத்தைத் தட்டெழுத்தில் அடித்தார். ஒவ்வொரு வரிக்கும் தமிழில் என்ன என்று கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னார். தேதி போடும் இடத்தில் அவர் விரல் நின்றது.

"எந்தத் தேதியிலேர்ந்து கேன்சல் பண்ண?"

"இன்னைக்கு. இப்ப."

"அந்தப் பையன் அவன் பேர்ல எடுத்துட்டானா?"

"எடுக்கல."

செட்டியார் கையைத் தட்டெழுத்து மெஷினிலிருந்து எடுத்தார்.

"நீங்க கேட்டா நான் பண்ணிக் குடுத்துடுவேன். உங்க பாலிசி, உங்க இஷ்டம். ஆனா இன்னைக்கு மத்தியானத்திலேர்ந்து அந்தக் காருக்குப் பின்னால எந்தக் கம்பெனியும் இல்ல. அது ரோட்டுல ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். எவனயாச்சும் அடிச்சா, அடிபட்டவன் வெறுங்கையோட போக வேண்டியதுதான். கிராண்டுல உங்க பேரு வேற."

முதலில் பேர் மாற்றும் பாரத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவன் தன் பேரில் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். அதே நாளில் பேரை மாற்றிவிட்டு நான் தாளைத் திருப்ப வேண்டும். அதுதான் வரிசை. நடுவில் ஒரு நாள் கூடக் கார் அம்மணமாக நிற்கக் கூடாது.

ஆரஞ்சுப் பழக் கூடைதான் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்த லாரி முதலாளியும் அன்றைக்கு ஒரு நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்துதான் இருந்திருப்பார். எனக்கு வேண்டியது அந்த நிம்மதிதான். ஒரு வாரமாக அதற்குத்தான் அலைந்தேன். மேசையில் அது கிடந்தது, ஒரு தேதி அடித்தால் போதும்.

தாளை மேசையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"திங்கக்கெழம வாரேன்" என்றேன்.

அங்கிருந்து நேரே பஸ். ஜெயபாலன் வீடு சுங்கை சிப்புட் மார்க்கெட்டுக்குப் பின்னால். கார் வெளியே நின்றது, ஒரு பூனை அதை நக்கிக்கொண்டிருந்தது. பாரத்தைக் கொண்டுவா என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். உள்ளே போய், மடித்து மடித்து நைந்துபோன பாரத்தைக் கொண்டுவந்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படித்துச் சொல்லச் சொன்னேன். அவன் சரியாகத்தான் சொன்னானா, தெரியாது. லயத்தை விட்டு வெளியேறின பிறகு, படிக்கத் தெரியாத தாளில் நான் போட்ட முதல் கையெழுத்து அது. பத்துமலை, என் பேர். அஞ்சு எழுத்து.

கையெழுத்தைப் போட்டுவிட்டு, திங்கள்கிழமை வரைக்கும் சாவியைக் கொடு என்றேன். அவன் கொடுக்கவில்லை.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம மாமா. வாரத்துல அன்னைக்குத்தான் யாவாரமே. மீனு எடுத்தாச்சு. எங்க போயி கொட்டுறது?"

கத்தலாம் என்று வந்தது. கையெழுத்துப் போட்ட பிறகு கத்த என்ன இருக்கிறது. என் பையில் இருந்த தாளை எடுத்து அவனுக்குக் காட்டினேன். நாளைக்கு ஒரு நாள் என் பேரில் ஓட்டுகிறாய், எவனையாவது அடித்தால் என் பேர்தான் போகும், ஞாபகம் வைத்துக்கொள், திங்கள்கிழமை காலையில் செட்டியார் ஆபீசுக்கு வந்துவிடு என்றேன். தலையை ஆட்டினான். எல்லோரும் தலையை நன்றாகத்தான் ஆட்டுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். தாளைப் பையில் வைத்தபடியே இருந்தேன். இருளாயி சட்டையைத் துவைக்கக் கேட்டாள், கொடுக்கவில்லை. தாளை முந்தின நாளே செட்டியாரிடம் கொடுத்திருந்தால் நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். பாலிசியை உயிரோடு வைத்திருந்தது நானாகச் செய்த காரியம். அதனால் யார் மேலும் கோபப்பட முடியவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

திங்கள்கிழமை நான் மாடிப்படிக்குப் போகும்போது ஜெயபாலன் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். காருக்கு அடியில் ஐஸ் தண்ணீர் சொட்டியிருந்தது.

"நேத்து ஓட்டுனியா?"

"ஓட்டுனேன் மாமா. மெதுவாத்தான். நாலு தோட்டத்துக்கு ரெண்டுதான் முடிஞ்சிச்சி. மிச்ச மீன ஊருக்குச் சும்மா குடுத்தேன்."

நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. காரைச் சுற்றிவந்து நாலு பக்கமும் பார்த்தேன். புது நசுங்கல் ஒன்றும் இல்லை.

செட்டியார் அவன் பேரில் புது இன்சூரன்ஸுக்குக் கவர் நோட் எழுதினார். காரில் மீன் ஏற்றுவதையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்றார், அதற்கு வேறு ரேட். அவன் முகம் சுருங்கியது, ஆனால் எழுதிக்கொண்டான். வாகன ஆபீசுக்கு மூன்று பேரும் போனோம். கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண் என் பேரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே அவன் பேரை எழுதி முத்திரை குத்தினாள். அந்தப் பக்கத்தை எனக்கு ஒரு தடவை காட்டச் சொன்னேன். காட்டினாள். அடித்த கோட்டுக்கு அடியில் என் பேர் இருந்த இடம் மட்டும் தெரிந்தது.

திரும்பி மாடிக்கு வந்த பிறகுதான் தாளைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் கொடுத்தேன், ஏன் என்று தெரியாது. கடிதத்தில் அன்றைய தேதி அடித்தார். வாங்கிக்கொண்டதற்கு ரசீது வேண்டும் என்றேன். கம்பெனியிலிருந்து பதில் வரும், மிச்ச மாதங்களுக்குக் கொஞ்சம் பணமும் திரும்பும் என்றார். பணம் வரும்போது வரட்டும், இப்போது ரசீது கொடுங்கள் என்றேன். கடிதத்தின் நகலிலேயே தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் அடித்துக் கொடுத்தார். முத்திரை மங்கலாக விழுந்தது. இன்னொரு தடவை அடிக்கச் சொன்னேன்.

"இதயும் முனிகிட்டதான் குடுத்து வைக்கப் போறீங்களாண்ணே?"

"இல்ல. இது எங்கிட்டயே இருக்கட்டும்."

கீழே ஜெயபாலன் வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். மீன் நாற்றம் தாங்காது, பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே காரை எடுத்தான். நான் ரோட்டோரத்தில் நின்று பார்த்தேன். சிக்னல் வரைக்கும் மெதுவாகத்தான் போனான். அதற்கு மேல் என் கண்ணுக்கு எட்டவில்லை.